கணவர் இன்னொரு திருமணம் செய்துகொண்டார் என்று தெரிந்தால்: நீதிமன்றப் படி ஏறும் முன் அறிய வேண்டியவை

கணவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான பெண்கள் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். "இதில் நாங்கள் வழக்குப் பதிய முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். சில இடங்களில் அது அலட்சியம்தான். ஆனால் பல நேரங்களில் அந்தப் பதில் சட்டப்படி சரியானது. காரணத்தை எடுத்துச் சொல்லத்தான் அங்கே யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

அந்தக் காரணத்தையும் அடுத்து எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு முதன்முறையாக வழக்கு, வக்கீல் என்று அலையப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கணவர் என்று நான் சொன்னாலும் இருதார மணச் சட்டம் மனைவிக்கும் அப்படியே பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்று. வீட்டில் சண்டையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு ஆதாரம் தேடினால் ஆதாரம் கிடைக்காது. புகைப்படங்கள் அழிக்கப்படும், சாட்சிகள் பேச்சை மாற்றுவார்கள். நெஞ்சு கொதிக்கும் நேரத்தில் இதைச் சொல்வது கொடுமை என்று தெரியும். இருந்தாலும் சில வாரங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது உங்கள் வழக்கைக் காப்பாற்றும்.

முதலில்: அது உறவா, திருமணமா?

இரண்டுக்கும் சட்டத்தில் வானத்துக்கும் பூமிக்குமான தூரம். திருமணம் இல்லாத உறவு இன்று குற்றமே அல்ல. 1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு, அடுத்தவர் மனைவியோடு அவர் கணவரின் சம்மதம் இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. கணவர் சம்மதித்திருந்தால் குற்றமில்லை. மனைவியைக் கணவரின் உடைமையாக வைத்துப் பார்த்த பிரிவு அது. துரோகம் செய்த கணவர் மீது மனைவி புகார் கொடுக்க அதில் இடமே இருந்ததில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை ரத்து செய்தது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் சேர்க்கப்படவில்லை. ஆகவே, தகாத உறவு என்ற ஒன்றை மட்டும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தால் வழக்கு ஆகாது.

குற்றமில்லை என்பதால் அந்த உறவுக்கு விளைவே இல்லை என்று பொருளல்ல. இந்து திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் ஆகிய மூன்றிலும் அது விவாகரத்துக்கான காரணம். அந்த உறவு தொடர்ந்து நடந்திருக்க வேண்டியதில்லை, ஒரு முறை நடந்தாலே போதும். ராணுவத்தில் இருப்பவர் என்றால், இத்தகைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

திருமணம் நடந்திருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு (பழைய 494, 495) இருதார மணத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. முதல் திருமணத்தை மறைத்து இரண்டாமவரை மணந்திருந்தால் பத்து ஆண்டுகள் வரை போகலாம். 2024 ஜூலைக்கு முன் நடந்த திருமணத்துக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும். வக்கீல் மனுவில் 494 என்று எழுதினால் குழம்ப வேண்டாம்.

உங்களுக்கு எந்தத் திருமணச் சட்டம்?

இந்து, பௌத்த, சமண, சீக்கியத் திருமணங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1949-இல், இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் ஒரே ஒரு வாழ்க்கைத்துணைதான்.

முஸ்லிம் தனிநபர் சட்டத்தில் ஆணின் இரண்டாம் திருமணம் செல்லாததாகாது, எனவே இந்தக் குற்றப்பிரிவு அவர் மேல் பாயாது. ஆனால் அவர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுசெய்து மணந்திருந்தால் பாயும். முஸ்லிம் மனைவி கையறு நிலையில் இல்லை. மனைவியரைச் சமமாக நடத்தாத கணவரிடமிருந்து விடுதலை பெற 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் இருக்கிறது, ஜீவனாம்சமும் கேட்கலாம்.

இரண்டாம் திருமணத்துக்காகவே மதம் மாறுகிறவர்கள் உண்டு. அது செல்லாது. முதல் திருமணம் ரத்தாகாமல் மதம் மாறி மணந்தாலும் இருதார மணக் குற்றம்தான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் திருமணம் உயிரோடு இருக்கிறதா?

எதிர்த்தரப்பு முதலில் கை வைக்கும் இடம் இது. "அப்போதே பத்திரத்தில் எழுதிப் பிரிந்துவிட்டோம், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துக்கொண்டோம்" என்பார்கள். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டதால் இந்துத் திருமணம் முறிந்துவிடாது, நோட்டரி முத்திரை குத்தினாலும் முறியாது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இதனால்தான் சொல்கிறேன்: யார் வற்புறுத்தினாலும் வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மறுமணம் செய்துகொள்வதும் குற்றம்தான். தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். இந்து திருமணச் சட்டம் அதற்குத் தருவது 90 நாள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மனைவி இன்னொருவரை மணந்து குழந்தையும் பெற்றிருந்தார். அவருக்கும் அவரை மணந்தவருக்கும் கிடைத்த தண்டனை, நீதிமன்றம் கலையும்வரை அங்கே உட்கார்ந்திருப்பது. இது போதாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. சிறு குழந்தை இருந்ததால் முதலில் அந்த ஆண் சிறைக்குப் போய்வந்த பிறகு அந்தப் பெண் போக வேண்டும் என்று ஏற்பாடும் செய்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வாழ்க்கைத்துணை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து காணாமல் போய், உயிரோடு இருப்பதாக எந்தத் தகவலும் இல்லாமலிருந்து, அந்த உண்மையைப் புதிதாக மணக்கப்போகிறவரிடம் மறைக்காமல் சொல்லியும் இருந்தால் அது குற்றமாகாது. கணவர் கோபித்துக்கொண்டு வேறு ஊரில் இருப்பது இதில் வராது.

உங்கள் திருமணத்துக்கான சான்றுகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அழைப்பிதழ், புகைப்படங்கள், குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவர் உங்களை மனைவி என்று காட்டியிருக்கும் காப்பீடு அல்லது வங்கிக் கணக்கின் வாரிசு நியமனம். அசல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு நகலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் இன்னும் நடக்கவில்லை, தேதி மட்டும் குறித்திருக்கிறார்கள் என்றால்

ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். குடும்பநல நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு வழக்குப் போடலாம், மண உறவிலிருந்து எழும் விஷயங்களில் தடையாணை தரும் அதிகாரம் அதற்கு உண்டு. கூடவே மணப்பெண் வீட்டாருக்கும் மண்டபத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கும் உண்மை தெரியாமல் இருக்கலாம். அவரும் காப்பாற்றப்பட வேண்டியவர்தான்.

இரண்டாம் திருமணத்தை நிரூபிப்பது

வழக்குகள் தோற்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், குழந்தை இருக்கிறது, ஆதாரில் கணவர் பெயர் இருக்கிறது. ஊரே சாட்சி சொல்லும். இவையெல்லாம் உறவைக் காட்டும், திருமணத்தைக் காட்டாது. இரண்டாம் திருமணம் சடங்கோடு முறையாக நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று 1965-இலும், எதிரி "ஆமாம், மணந்தேன்" என்று ஒப்புக்கொண்டது மட்டும் போதாது என்று 1966-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை அந்த அளவுகோல்தான். திருட்டுத்தனமாக, சடங்கில்லாமல் கூடி வாழ்கிறவர் தப்பிப்பதும், முறைப்படி தாலி கட்டியவர் மாட்டுவதும் இதனால்தான். இது நியாயமா என்று கேட்டால், முதல் மனைவியின் தோள்மீது தாங்க முடியாத சுமையை ஏற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் இந்தச் சுமை ஓரளவு குறைவு. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலம் சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களைச் செல்லத்தக்கதாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் ஆகிவிடும், ஐயர் தேவையில்லை. அதே பிரிவு இருதார மண வழக்கிலும் மனைவிக்குக் கை கொடுக்கிறது. அக்னியை வலம்வந்து ஏழடி வைக்கவில்லை, ஆகவே இரண்டாம் திருமணமே நடக்கவில்லை என்று தமிழ்நாட்டுக் கணவர் ஒருவர் வாதாடினார். 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இங்கே 7ஏ இருக்கும்போது தாலி கட்டியதே போதும் என்றது.

எனவே தேட வேண்டியது, சடங்கைக் கண்ணால் பார்த்தவர்களையும் அந்தக் கணத்தைப் பிடித்த படத்தையும். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தாக்கல் செய்த படத்தில் இருவரும் மாலையோடு நிற்கிறார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: "இதில் தாலி கட்டுவது தெரிகிறதா? இது பிறந்தநாள் விழாப் படம் என்கிறேன், மறுக்க முடியுமா? நீங்கள் அங்கே இருந்தீர்களா?" நீங்கள் அங்கே இருந்திருக்க மாட்டீர்கள். அங்கே இருந்த ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அந்தப் படத்துக்கு உயிர் வரும். அர்ச்சகர், மண்டப மேலாளர், சமையல்காரர், புகைப்படக்காரர், விருந்துக்குப் போன உறவினர் என யாராவது இருவரையாவது கண்டுபிடியுங்கள்.

அழைப்பிதழ் கிடைத்தால் அதில் அச்சகத்தின் பெயர் இருக்கும். மண்டபத்தில் ரசீது இருக்கும். கோயிலில் நடந்திருந்தால் அங்கே கட்டணச் சீட்டும் பதிவேடும் இருக்கும். இவற்றைத் தரச் சொல்லி நீதிமன்றம் மூலம் சம்மன் அனுப்பலாம். மொய் நோட்டைக்கூட விட்டுவிடாதீர்கள். யார் யார் வந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. இரண்டாம் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழுக்கும் மனுப் போடுங்கள். பதிவு மட்டுமே திருமணம் ஆகிவிடாது என்றாலும், அதற்காகக் கொடுத்த விண்ணப்பமும் அதில் இருக்கும் சாட்சிக் கையெழுத்துகளும் பெரிய துருப்புச்சீட்டு.

வாட்ஸ்அப் நிலைத்தகவல், முகநூல் படம், காணொளி போன்றவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்தால் மட்டும் போதாது. எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். படம் இருந்த கைபேசியை விற்றுவிடாதீர்கள், மென்பொருளை அழித்துப் புதிதாக்கவும் வேண்டாம்.

சோறும் கூரையும்

தண்டனை வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அதுவரை வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது. என்னைக் கேட்டால் இருதார மணப் புகாருக்கு முன்பாகவோ, குறைந்தபட்சம் அதே வாரத்திலோ, ஜீவனாம்ச மனு போய்விட வேண்டும்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு (பழைய 125) உங்களுக்கும் குழந்தைகளுக்கும் மாதத் தொகை பெற வழி செய்கிறது. "என்னோடு வந்து வாழட்டும், சோறு போடுகிறேன்" என்று கணவர் சொன்னால், அவர் வேறு திருமணம் செய்திருப்பதோ வேறு பெண்ணை வைத்திருப்பதோ, நீங்கள் போக மறுப்பதற்கு நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இங்கே தாலி கட்டியதை நிரூபிக்க வேண்டிய சுமை இல்லை. இருவரும் தத்தம் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பு. நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டை விட்டு வெளியே தள்ளினாலோ, தள்ளுவதாக மிரட்டினாலோ 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

புகாரை எங்கே, யார் கொடுப்பது?

இருதார மணம், காவல்துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத குற்றம். ஜாமீனும் கிடைக்கும். பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிநபர் புகாராகத் தாக்கல் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் கைவிரித்ததன் காரணம் இதுதான். மனைவியால் போக முடியாவிட்டால் அவர் சார்பில் பெற்றோர், உடன்பிறந்தோர், மகன், மகள், பெற்றோரின் உடன்பிறந்தோர் புகார் கொடுக்கலாம்.

திருமணம் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலும், அந்தத் திருமணத்துக்குப் பிறகு நீங்கள் நிரந்தரமாகக் குடியேறிய ஊரிலும் தாக்கல் செய்யலாம். தாய்வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் காலாவதியும் கிடையாது, பத்து ஆண்டு கழித்துத் தெரியவந்தாலும் புகார் கொடுக்கலாம்.

அடி உதை, வரதட்சணைத் தொல்லை, தாங்க முடியாத மனக்கொடுமையும் சேர்ந்திருந்தால் அனைத்து மகளிர் காவல் நிலையம் போகலாம். கொடுமைக்கான 85-வது பிரிவு (பழைய 498ஏ) காவல்துறை நேரடியாகப் பதியக்கூடியது. அதோடு சேர்ந்து வரும் இருதார மணக் குற்றத்தையும் காவல்துறை விசாரித்து அறிக்கை தரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் நடக்காத கொடுமையை வழக்கைப் பலப்படுத்துவதற்காக எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் உடைந்தால் கூடவே உண்மையும் அடிபடும்.

அதேபோல, மாமியார், நாத்தனார், மண்டபத்துக்கு வந்தவர்கள் என்று எல்லோரையும் எதிரியாகச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. முதன்மைக் குற்றவாளி மறுமணம் செய்தவர்தான். மற்றவர்கள் அந்தத் திருமணத்துக்கு உடந்தையாக என்ன செய்தார்கள் என்று குறிப்பாகக் காட்ட முடிந்தால் மட்டும் சேருங்கள். பட்டியல் நீண்டால் வாய்தாவும் நீளும்.

கணவர் அரசு ஊழியர் என்றால் அவருடைய துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். வாழ்க்கைத்துணை இருக்கும்போது மறுமணம் செய்வதைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் மத்திய அரசின் விதிகளும் தடைசெய்கின்றன. துறை விசாரணையில் குற்ற வழக்கு அளவுக்குக் கறாரான நிரூபணம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: வேலை போனால் உங்கள் ஜீவனாம்சமும் ஆட்டம் காணும். இந்த முடிவை வக்கீலோடு உட்கார்ந்து நிதானமாக எடுங்கள்.

உறவு மட்டும்தான், விவாகரத்து வேண்டும் என்றால்

குடும்பநல நீதிமன்றத்தில் மனு. அந்த மூன்றாம் நபரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நடைமுறை. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று சூழ்நிலைகள் காட்டினால் போதும். விஷயம் தெரிந்த பிறகும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் காரணத்தை வைத்து விவாகரத்துக் கேட்க முடியாது. தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை மண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனை கேட்பதை மட்டும் நீதிமன்றங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. பெரியவர்கள் சண்டையில் ஒரு பிள்ளையின் பிறப்பைச் சந்தியில் நிறுத்தக் கூடாது என்பதால் அது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

ஏமாற்றி மணக்கப்பட்ட இரண்டாவது பெண்

அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் திருமணம் சட்டப்படி செல்லாது, ஆனால் நீங்கள் குற்றவாளி அல்ல. முதல் திருமணத்தை மறைத்த குற்றத்துக்கு நீங்களே புகார் கொடுக்கலாம். 2011-இல் உச்ச நீதிமன்றம் இரண்டாவது மனைவியையும் பாதிக்கப்பட்டவராக ஏற்றது. முதல் மனைவி இருப்பது தெரியாமல் மணந்தவருக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. செல்லாத திருமணத்திலும் நிரந்தர ஜீவனாம்சம் தரலாம் என்று 2025 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. உங்கள் குழந்தைகள் சட்டப்படி முறையான குழந்தைகள். தந்தையின் சொத்திலும், கூட்டுக்குடும்பச் சொத்தில் அவருக்குரிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் தீர்ப்பு உறுதி செய்தது.

சமாதானம் பேச வந்தால்

வழக்கு சூடு பிடித்ததும் பெரும்பாலும் எதிர்த்தரப்பிலிருந்து ஆள் வரும். பேசுவதில் தவறில்லை. இருதார மண வழக்கை நீங்கள் விரும்பினால் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். "முதலில் வழக்கை வாபஸ் வாங்குங்கள், பிறகு பணம் தருகிறோம்" என்ற பேச்சுக்கு மட்டும் இணங்காதீர்கள். தொகை, குழந்தைகளின் படிப்புச் செலவு, நகை, பாத்திரம், வீடு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அது நீதிமன்றச் சமரச மையத்தில் பதிவாகட்டும். பணம் வங்கி வரைவோலையாக வரட்டும், அல்லது நீதிமன்றத்தில் கட்டப்படட்டும். உங்கள் கணக்கில் தொகை ஏறிய பிறகு சமரச மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.